பதினோராயிரம் மைலும் பத்தொன்பதரை நாளும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

எங்கள் ஊருக்கும் நம் கல்லூரிக்கும் இடைப்பட்ட தூரம் 34 கிலோமீட்டர். சாலையோரத்துக் கல்லில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால் பயண நேரம் 51 நிமிடம். முதலாண்டில் சராசரி வேகம் பற்றிய பாடம் நடந்த அன்று, நம் பேராசிரியர் இரு பெருநகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் ஓர் ஆகாய விமானத்தின் வேகத்தையும் கரும்பலகையில் எழுதி, பறக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டார். தூரத்தை வேகத்தால் வகுத்தோம். வகுப்பில் அனைவருக்கும் ஒரே விடை. அந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே வீட்டுக்குச் சென்று, எங்கள் ஊர்க் கணக்கையும் அப்பாவிடம் போட்டுக் காட்டினேன்.

என் தந்தையார் கட்டட வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, 51 நிமிடப் பயணம் என்றால் ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறவள் ஒன்பதரை மணி வகுப்புக்கு ஏன் ஓட்டமும் நடையுமாகப் போகவேண்டும் என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. பிரிவுச் சாலை வரை நடை, வந்தால் வரும் முதல் பேருந்து, இடையில் இரயில்வே கேட், நகரத்தில் இறங்கி மாறவேண்டிய இரண்டாம் பேருந்து, அது புறப்படும் வரை காத்திருப்பு ஆகிய இவை ஒன்றும் என் சூத்திரத்தில் இடம்பெறவில்லை. அப்பா ஒருபோதும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னதில்லை. ஒரு நடை, இரண்டு பஸ் என்றுதான் சொல்வார்.

நண்பர்களே, இந்தக் கேள்வி என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் ஏமி ஜான்சன் என்ற பெண்மணியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1930ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் வரை தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் சென்றவர் அவர். அந்தத் தூரத்தைத் தனியே பறந்து கடந்த முதல் பெண். இவ்வளவையும் பொது அறிவு நூல்களில் ஒரு வரியாக நாம் மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என்பதைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறேன்.

ஏமி 1903 ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ஜான் வில்லியம் ஜான்சன் மீன் வணிகர். பெண் மக்களில் மூத்தவர் ஏமி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1925இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பொருளாதாரமும் இலத்தீனும் பிரெஞ்சும் அவர் கற்ற பாடங்கள். அறிவியல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பட்டம் வாங்கியவுடன் உலகம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, சில இடங்களில் வேலை பார்த்து, பின்னர் இலண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சுப் பணியில் அமர்ந்தார். பட்டதாரிப் பெண் ஒருத்தி பிறர் எழுதிய கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டு நாளைக் கழிப்பது நமக்கும் புதிய காட்சி அன்று.

1928ஆம் ஆண்டு, இலண்டன் நகரின் ஓரத்தில் ஸ்டாக் லேன் என்னும் இடத்தில் இருந்த விமான மன்றத்தில் சேர்ந்து பறக்கக் கற்கத் தொடங்கினார். பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார். இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏமி விரைவில் கற்றுக்கொண்டவர் அல்லர். ஆசிரியர் உடனிருக்க ஏறக்குறைய பதினாறு மணி நேரம் பறந்த பிறகே அவரைத் தனியே பறக்க விட்டார்கள். மற்றவர்கள் பொதுவாக அதைவிடக் குறைந்த நேரத்திலேயே அந்நிலையை அடைந்துவிடுவார்கள். தரையில் இறக்கும்போது விமானத்தைத் தட்டென்று போடும் பழக்கம் அவரிடம் இறுதிவரை முழுமையாக மாறவில்லை. வரலாற்று நூல்களில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை மறைக்க விரும்பவில்லை. முதல் பருவத்தில் துணைப்பாடக் கணிதத்தில் நான் தேறவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்தச் செய்தி உறவினர் வீடுகளுக்கெல்லாம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. படித்தது போதும் என்று சொல்ல ஆளா இல்லை?

1929 ஜனவரியில் விமானி சான்றிதழும், ஜூலையில் உரிமமும் ஏமிக்குக் கிடைத்தன. அத்துடன் அவர் நிற்கவில்லை. விமானக் கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் இயந்திரங்களைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். மன்றத்தின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவருக்குக் கற்பித்தார். காலையில் கொட்டகை, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் கொட்டகை. அதே 1929இல் விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கான அரசு உரிமத்தையும் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண் அவரே. விமானம் ஓட்டக் கற்றது அவருக்குப் புகழைக் கொடுத்தது என்பார்கள். என் எண்ணத்தில் அவரை ஆஸ்திரேலியா வரை கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த இரண்டாவது உரிமமே. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறப்பது அதற்கு முன் நடந்திராத செயல் அன்று. 1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள் இரு இயந்திரங்கள் பூட்டிய பெரிய விமானத்தில், உதவிக்கு இரு மெக்கானிக்குகளுடன், 28 நாளில் சென்றார்கள். 1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்ளர் தனியாகப் பறந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். அந்தப் பதினைந்தரை நாளை முறியடிக்க வேண்டும் என்பதே ஏமியின் எண்ணம். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட பயணம் இலண்டனிலிருந்து தம் பிறந்த ஊரான ஹல் வரை, ஏறத்தாழ 150 மைல். மொத்தம் பறந்திருந்த நேரம் நூறு மணியைக்கூட எட்டவில்லை. கடலுக்கு மேலே பறந்ததே இல்லை. நம் ஊரில் மிதிவண்டி பழகிய மறுமாதம் காசிக்குப் புறப்படுவதாக ஒருவர் சொன்னால் நாம் என்ன நினைப்போமோ, அதைத்தான் அன்று பலரும் நினைத்தார்கள்.

பணமும் இல்லை. பலருக்கும் எழுதினார். முடிவில் எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு பாதிப் பணமும் வழிநெடுக எரிபொருளும் தர இசைந்தார். மீதிப் பாதியைத் தந்தை கொடுத்தார். 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானம் வாங்கப்பட்டது. தந்தையின் மீன் வணிகத்தின் வணிகக்குறியான ஜேசன் என்பதையே அதற்குப் பெயராகச் சூட்டினார். பச்சை வண்ணம், வெள்ளி எழுத்துகள். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சைப் பூசிய இறக்கைகள். நூறு குதிரைத்திறன் கொண்ட ஒற்றை இயந்திரம். இன்றைய சிறிய மோட்டார் காரின் ஆற்றல்தான். தலைக்கு மேல் கூரை கிடையாது. வானொலித் தொடர்பு கிடையாது. வேகம் மணிக்குச் சுமார் 85 மைல்.

இப்போது நம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வழித்தூரம் சுமார் 11,000 மைல். வேகம் 85. வகுத்தால் ஏறக்குறைய 130 மணி நேரம், அதாவது ஐந்தரை நாளுக்கும் சற்றுக் குறைவு. உண்மையில் ஆனது பத்தொன்பதரை நாள், 468 மணி நேரம். மீதமுள்ள 340 மணி நேரம் எங்கே போயிற்று? ஏமியின் வாழ்க்கை வரலாறே அந்த 340 மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பேன்.

தூரத்திலேயே ஒரு கேள்வி உண்டு. உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இலண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே சுமார் 13,870 கிலோமீட்டர்தான் வரும். ஏமி பறந்ததோ 17,700 கிலோமீட்டர். ஜேசனில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தியிருந்தும், ஒரே மூச்சில் ஆயிரம் மைல் அளவில்தான் பறக்க முடியும். ஆகையால் எரிபொருள் கிடைக்கும் இடங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் போகவேண்டும். அந்த இடங்களுள் பல ஆங்கில ஆட்சியின் கைக்குள் இருந்தவை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு சாதாரண அலுவலகப் பெண் உலகின் குறுக்கே பறக்க முடிந்ததென்றால், இறங்கிய இடங்கள் பலவற்றில் அவருடைய நாட்டின் படைவீடோ அதிகாரியோ இருந்தது ஒரு பெருங்காரணம். ஏமி புறப்பட்ட மே 5ஆம் நாளின் விடியலுக்கு முன்புதான், உப்பு அறப்போரை நடத்திய காந்தியடிகளை அதே அரசு கைது செய்து சிறைக்குக் கொண்டு சென்றிருந்தது.

1930 மே 5 திங்கட்கிழமை காலை. இலண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையம். வழியனுப்ப வந்தவர்கள் தந்தையும் ஒரு சில நண்பர்களும் மட்டுமே. எரிபொருள் பாரம் தாங்காமல் முதல் முயற்சியில் ஜேசன் எழும்பவில்லை. இரண்டாம் முயற்சியில் எழும்பியது. அன்று மாலை வியன்னா. மறுநாள் இஸ்தான்புல். பிறகு சிரியாவின் அலெப்போ. இலண்டனிலிருந்து வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து, கூடியமட்டும் நேராக வழி வகுத்திருந்தார். மற்றவர்கள் சுற்றிப் போன டாரஸ் மலைத்தொடரை அதனால் அவர் குறுக்கே கடக்க வேண்டியதாயிற்று. பாரம் மிகுந்த சிறு விமானம் அந்தச் சிகரங்களுக்கு மேலே ஏற முடியாது. இரயில் பாதை செல்லும் கணவாய் வழியே, இருபுறமும் பாறைச் சுவர்கள் நிற்க, நடுவில் பறந்தார். ஒரு கட்டத்தில் மேகம் வழியை மூடிக்கொண்டது. வெளியே வந்தபோது எதிரே பாறை. கடைசி நொடியில் திருப்பித் தப்பினார்.

பறப்பது என்றால் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அல்ல. கூடுதல் தொட்டியிலிருந்து எரிபொருளைக் கையால் அடித்து அடித்து மேல் தொட்டிக்கு ஏற்றவேண்டும். அந்த நெடி குமட்டும். இறங்கிய இடத்தில் விருந்தும் வரவேற்பும் காத்திருக்கும். ஆனால் ஏமி முதலில் செய்வது இயந்திரத்தைத் திறந்து துடைத்துச் சரிபார்ப்பதே. அதற்கே சில மணி நேரம் ஆகும். பிறகு மூன்று மணி நேரத் தூக்கம். விடியும் முன் மீண்டும் புறப்பாடு.

பாக்தாத்துக்குச் செல்லும் வழியில் மணற்புயல் பிடித்துக்கொண்டது. விமானம் ஆயிரக்கணக்கான அடி கீழே இழுத்துத் தள்ளப்பட்டது. கண் தெரியாமலேயே பாலைவனத்தில் இறக்கினார். காற்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கப் பெட்டிகளைச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இயந்திரத்தைத் துணியால் மூடி, தன் உடல் பாரத்தையும் அதன்மேல் வைத்துக் காத்திருந்தார். தொலைவில் நாய்கள் குரைக்கும் ஓசை. கையில் துப்பாக்கி. இந்த நேரம் எந்தச் சூத்திரத்தில் வரும்?

மே 10ஆம் நாள் கராச்சியை அடைந்தார். ஆறே நாள். ஹிங்க்ளருக்கு எட்டு நாள் ஆன இடம் அது. இரண்டு நாள் முன்னால் இருந்தார்! அதுவரை ஒரு மூலையில் துண்டுச் செய்தியாக இருந்த ஏமியின் பெயர் அன்று உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. வென்றுவிடுவார் என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

மறுநாள் அலகாபாத் நோக்கிப் பறந்தவருக்கு எதிர்க்காற்றால் எரிபொருள் தீரும் நிலை வந்தது. வழியில் ஜான்சியில் படைவீட்டின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இடம் போதவில்லை. ஓடிய ஓட்டத்தில் விமானம் கட்டடங்களுக்கிடையே போய்ச் சிக்கி, ஓர் இறக்கை சிதைந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? உள்ளூர்த் தச்சரும் தையற்காரரும். மரமும் துணியுமான விமானத்துக்கு வேறு யார் வேண்டும்? உலகச் சாதனை நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. மறுநாளே ஏமி அலகாபாத் வழியாகக் கல்கத்தாவை அடைந்துவிட்டார்.

மே 13. கல்கத்தாவிலிருந்து இரங்கூன். அந்நாளில் நம் பக்கத்துப் பாட்டன்மார் பலர் பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போன ஊர். பருவமழை முன்னதாகவே தொடங்கிவிட்டது. மலையும் மேகமும் மழையும் ஒன்றாகிவிட்ட வானத்தில் வழி தேடி, இரங்கூன் பந்தயத் திடலில் இறங்க வேண்டியவர், சில மைல் தள்ளி இன்சீன் என்னும் இடத்தில் ஒரு விளையாட்டுத் திடலைக் கண்டு அதுதான் என்று எண்ணி இறங்கினார். இறங்கியது சரிதான். நிறுத்தத்தான் இடமில்லை. திடலின் ஓரத்துப் பள்ளத்தில் ஜேசன் தலைகுப்புறப் பாய்ந்தது. விமானச் சுழலி உடைந்தது. சக்கரச் சட்டம் வளைந்தது. இறக்கை கிழிந்தது. ஏமி அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள். அழாமல் என்ன செய்வார்? இரண்டு நாள் முன்னிலை அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

ஆனால் பாருங்கள், அந்தத் திடல் இன்சீன் அரசினர் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் திடல்! நம்மைப் போன்ற மாணவர்கள் படித்த இடம். ஆசிரியரும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். விமானத்தைக் கல்விக்கூடத்துப் பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். விமானத்தையே தொட்டறியாத அந்த மாணவர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள். உடைந்த மரப் பாகங்களைப் பட்டறையில் செதுக்கினார்கள், வளைந்த இரும்பை நிமிர்த்தினார்கள். சுழலிக்குக் கவலையில்லை. மாற்றுச் சுழலி ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டியே கொண்டுவந்திருந்தார் ஏமி. இறக்கைக்குத்தான் துணி இல்லை. விமானத் துணிக்கு இரங்கூனில் எங்கே போவது? அப்போதுதான் யாரோ ஒருவருக்கு நினைவு வந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி அங்கே சட்டைகள் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைத் தேடிப் பிடித்து, தையலைப் பிரித்து, துண்டுகளை இணைத்து இறக்கைக்குப் போர்த்தினார்கள். மேலே பூசும் பூச்சையும் அங்கேயே கலந்து காய்ச்சிக்கொண்டார்கள்.

இந்த வேலைகளுக்கு நடுவில் ஏமி பார்வையாளராக நிற்கவில்லை. எந்தப் பாகம் எந்த அளவுக்குத் தாங்கும், எதை மாற்றவேண்டும், எதை ஒட்டினால் போதும் என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த இரண்டாவது உரிமம் என்று முன்பு குறிப்பிட்டேனே, அது இங்கேதான் உதவிற்று. வெறும் விமானியாக மட்டும் இருந்திருந்தால் இன்சீனிலேயே அவருடைய பயணம் முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

மே 16ஆம் நாள் மீண்டும் புறப்பட்டார். மூன்று நாள் போயிற்று. ஹிங்க்ளரின் சாதனையை இனி எட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் டார்வினில் இறங்கிய காட்சி அன்று. சாதனை கைவிட்டுப் போன பிறகு, சட்டைத் துணி போர்த்திய இறக்கையுடன், மழைக்குள் மீண்டும் ஏறிய அந்தக் காட்சிதான். பத்திரிகைகள் தந்தி மேல் தந்தி அடித்தன. ஆனால் அவை நாள்களைத்தான் எண்ணின.

பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர் கடந்து ஜாவாத் தீவு. அங்கே எரிபொருள் குறைந்து ஒரு கரும்பாலைப் பண்ணையில் இறங்கினார். நட்டு வைத்திருந்த மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி கொண்டு கிழிசல்களை ஒட்டிக்கொண்டு மேலே பறந்தார். (அவர் இறங்கிய விதத்தில் குறை காண்போர் உண்டு. குறை உண்மைதான். ஒவ்வொரு பழுதிலும் பாதிப் பழி வானத்துடையது என்றால் மீதி அவருடையது.) மே 22ஆம் நாள் தீமோர்த் தீவில் இருட்டும் வேளையில் கறையான் புற்றுகள் நிறைந்த வெளியில் ஒரு சிற்றூரின் அருகே இறங்கினார். ஊரார் ஆயுதங்களுடன் ஓடி வந்தார்கள். அஞ்சி நின்ற பெண்ணை அவர்களே அழைத்துச் சென்று அன்று இரவு தங்க வைத்தார்கள். உலகமோ அவரைக் காணவில்லை என்று செய்தி வெளியிட்டுவிட்டது.

கடைசிக் கட்டம் தீமோர்க் கடல். 500 மைல் தண்ணீர். வழியில் ஓர் எண்ணெய்க் கப்பலைக் கண்டதும், வழி தவறவில்லை என்று மனம் நிறைந்தார். மே 24ஆம் நாள் பிற்பகல் டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். ஹிங்க்ளரைவிட நான்கு நாள் கூடுதல். ஆயினும் அவருக்குக் கிடைத்த வரவேற்பு ஹிங்க்ளருக்குக் கிடைத்ததைவிடப் பன்மடங்கு என்பார்கள். இருபத்தாறு வயதுப் பெண், பழைய விமானம், பள்ளத்தில் விழுந்து எழுந்த கதை ஆகியவை மக்கள் உள்ளத்தைத் தொட்டுவிட்டன. அரசர் சி.பி.இ. விருது அளித்தார். ஒரு நாளிதழ் பத்தாயிரம் பவுன் தந்தது. பாட்டுக் கட்டினார்கள். ஆகஸ்டில் இலண்டன் திரும்பியபோது சாலையின் இருமருங்கிலும் இலட்சக்கணக்கில் மக்கள் கூடினார்கள். வழியனுப்ப வந்திருந்த அந்தச் சிலரை நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் அவருடைய வாழ்வை விரைவாகவே சொல்லிவிடலாம். 1931இல் ஹம்ஃப்ரீஸுடன் இலண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோ, அங்கிருந்து டோக்கியோ. 1932இல் ஜிம் மாலிசன் என்னும் விமானியை மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் இலண்டன்–கேப்டவுன் பயணத்தில் கணவரின் சாதனையையே முறியடித்தார். 1933இல் இருவரும் நியூயார்க்கை நோக்கி அட்லாண்டிக் கடலைத் தாண்டி, எரிபொருள் தீர்ந்து, ஊரைத் தொடும் முன்பே விழுந்து காயமுற்றார்கள். 1934இல் மெல்போர்ன் விமானப் பந்தயத்தில் கலந்துகொண்டு, அதே அலகாபாத்தில் இயந்திரம் பழுதுபட்டு விலகினார்கள். அந்தப் பந்தயத்தில் வென்றவர்கள் இலண்டனிலிருந்து மெல்போர்னை 71 மணி நேரத்தில் அடைந்தார்கள். அதே ஆண்டு ஜீன் பேட்டன் என்னும் நியூசிலாந்துப் பெண் ஏமியின் பத்தொன்பதரை நாளைப் பதினைந்து நாளுக்குள் குறைத்துவிட்டார். 1936இல் அதே பெண் ஆறு நாளுக்குள் முடித்தார். சாதனை என்பது வாடகை வீடு போலும்! ஏமியின் மணவாழ்வும் 1938இல் முறிந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல், தொழிற்சாலைகளிலிருந்தும் பணிமனைகளிலிருந்தும் படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துணைப் படையில் சேர்ந்தார் ஏமி. உலகைக் கடந்தவருக்கு இப்போது சிறு சிறு தூரங்கள். 1941 ஜனவரி 5ஆம் நாள் முற்பகல், பிளாக்பூல் நகரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள கிட்லிங்டன் தளத்துக்கு இரட்டை இயந்திர விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நல்ல வானிலையில் ஒரு மணி நேரப் பயணம். அன்று நாடெங்கும் கடுங்குளிரும் தாழ்ந்த மேகமும். விமானத்தில் வானொலி இல்லை. நான்கு மணி நேரம் கழித்து, போகவேண்டிய இடத்துக்கு வெகு கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஒருவர் வான்குடையில் இறங்குவதைக் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். ஹேசல்மியர் என்னும் அக்கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெச்சர் காப்பாற்றுவதற்காக உறையும் நீரில் குதித்தார். ஏமி கிடைக்கவில்லை. ஃபிளெச்சரும் குளிரில் விறைத்து உயிரிழந்தார். ஏமியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வயது முப்பத்தேழு. அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. நான் அவற்றுள் புகவில்லை. பதினோராயிரம் மைலைக் கடந்தவர் ஒரு மணி நேரத் தூரத்தைக் கடக்கவில்லை என்பதே எனக்குப் போதுமான வேதனையாக இருக்கிறது.

2021 நவம்பர் முதல் 2022இன் நடுப்பகுதி வரை, பெருந்தொற்றுக் காலத்து ஏற்பாடாக, டார்வினுக்கும் இலண்டனுக்கும் இடையே எங்கும் நிற்காத விமானச் சேவை ஒன்று நடைபெற்றது. பயண நேரம் சுமார் 17 மணி. வியன்னா இல்லை, ஜான்சி இல்லை, இன்சீன் இல்லை. சன்னலை மூடிக்கொண்டு தூங்கி எழுந்தால் வந்துவிடும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் வரும் விடையும் பயண நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பயணம் அது. நம் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய விமானம் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும். ஜேசன் இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை ஓர் இரவு அப்பாவுக்குச் சொன்னேன். அவர் டார்வினைப் பற்றிக் கேட்கவில்லை. சட்டையைப் பிரித்து இறக்கைக்குத் தைத்த இடத்தை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு, பட்டம் முடித்து நான் மேற்படிப்புக்குச் சென்னைக்குப் போக விரும்புவதைப் பற்றி முதன்முறையாக அவரே பேச்செடுத்தார். எத்தனை பஸ் என்று கேட்டார். ஒரு நடை, இரண்டு பஸ், ஒரு இரயில் என்றேன். நடுவில் ஒன்று தவறிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். மறுநாள் மாலை வகுப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் சென்று, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்து, கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.